சூசையும் காலிக்காரனும்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ என்னவோ, தெரிந்தால் தங்கள் தாத்தா ஒரு பொய்யர் என்பதை என் மூலமாக அவர்கள் அறியவேண்டாம். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அண்ணை என்று கூப்பிடத் தகுந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் டொக்யார்ட் வீதியில் நின்று வெறுமனே "அண்ணை எங்க?" என்று கேட்டால் அவருடைய வீட்டு ஒழுங்கையைத்தான் கைகாட்டுவார்கள்.

சிலர் வெற்றிலை போடுவதுபோல அவர் பொய் சொல்வார். ஆதாயத்துக்காக இல்லை. வாய் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக. இடக்கைச் சுட்டுவிரலில் மேல் துண்டு அவருக்கு இல்லை. அதைக் கிரேன் சங்கிலி கொண்டுபோனதாக எனக்குச் சொல்லியிருந்தார். ஐஸ் கடை நானாவுக்குச் சுறா கடித்ததென்று சொல்லியிருந்தார். புதிதாக வந்த பாதிரியாரிடம் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று போனதென்று சொல்லி, பாதிரியார் அந்த விரலுக்கு ஆசீர்வாதமும் கொடுத்தார். நான் ஒருநாள் அவருடைய மனைவியிடமே கேட்டேன். அவரை நாங்கள் அக்கா என்போம்.

"கிணத்துக் கப்பியிலை நசுங்கினது தம்பி. எங்கட கலியாணத்துக்கு முந்தி," என்றார் அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடித்தான் எனக்குச் சொன்னவர்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

பின்னால் வந்த உள்நாட்டு யுத்த காலத்தில் இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. நான் அப்போது துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தேன். ஒருமுறை அண்ணையும் நானும் உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். என்னுடைய அடையாள அட்டை வீட்டில் கிடந்தது. என்னை ஒரு பக்கமாக நிறுத்திவைத்தார்கள். அண்ணை தன் சோதனையை முடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. நேரே காவலுக்கு நின்றவனிடம் போய், நான் தன் மனைவியின் தம்பி என்றும், சின்ன வயதில் காய்ச்சல் வந்து மூளை கொஞ்சம் பிசகிவிட்டது என்றும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகவும் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து டொக்யார்டில், அதாவது நேவியின் கப்பல் பட்டறையில், வேலை செய்ததால் அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. காவலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் தந்து அனுப்பினான். நான் மூளை பிசகியவனாக நடிப்பதற்குப் பெரிதாகப் பிரயாசைப்படவில்லை என்று அண்ணை பிறகு நானாவிடம் சொன்னாராம்.

இப்படிப்பட்ட மனிதர் குத்துச்சண்டை விஷயத்தில் மட்டும் ஒரு பொய் சொல்லமாட்டார். சொல்லமாட்டார் என்பதைவிட அவரால் ஏலாது என்பதுதான் சரி.

எங்களுக்குக் குத்துச்சண்டையைக் கதைப்பதற்கு ஓர் இடம் இருந்தது. மீன் சந்தைக்குப் பின்னால் நானாவின் ஐஸ் கடை. நானா குறிஞ்சாக்கேணி முஸ்லிம்; நானா என்றால் அவர்களுக்கு அண்ணன். கடலுக்குப் போவதற்குத் தடை வந்ததிலிருந்து வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மீன் இல்லாத ஊரில் ஐஸ் யாருக்கு? சோடாக் கடைக்காரர்களுக்காக ஓரிரண்டு கட்டிகளை உமிக்குள் புதைத்து வைத்துக்கொண்டு நானா சும்மா இருப்பார். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே சீமெந்துத் தரை குளுகுளுவென்றிருக்கும். பின்னேரங்களில் நாங்கள் சாக்கை விரித்து அதில் இருந்துவிடுவோம். யுத்தத்தைப் பற்றிக் கதைக்க ஏலாது; எந்தச் சொல் எந்தக் காதுக்குப் போகும் என்று தெரியாது. குத்துச்சண்டை பாதுகாப்பானது என்று நினைத்தோம். செத்துப்போன குத்துக்காரர்களைப் பற்றிக் கதைத்து யாரும் மாட்டுப்படமாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் டொக்யார்டுக்குள் றிங் கட்டிச் சண்டை வைப்பார்கள். அதில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் கொடிகட்டிப் பறந்தான். கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிற சூசை. நானா சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த கதை அது. நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் நானா விடமாட்டார்.

"சூசைட வலக்கைக்கு முன்னால ஆரும் நிக்கேலாது. என்ட வாப்பா கண்ணால கண்டவர்."

"உங்கட வாப்பா வெளியில நிண்டு ஐஸ்பழம் வித்தவர்," என்பார் அண்ணை. "அவர் கண்டது வேலித் தகரத்தை. சூசைக்கு வலக்கையில ஒண்டுமில்லை. வலக்கையைச் சும்மா காட்டிக்கொண்டு நிப்பான். மற்றவன் அதையே பாத்துக்கொண்டு நிக்க, இடக்கை வந்திட்டுப் போயிரும். நுளம்பு கடிச்ச மாதிரி. கடிச்ச இடத்தை அவன் தடவேக்கை அடுத்தது."

"அப்ப மட்டக்களப்புப் பொலிஸ்காரன்?"

"அவன் குத்துக்காரன் இல்லை, வாங்குறவன். எவ்வளவு குடுத்தாலும் வாங்குவான். கடைசியில குடுத்தவனுக்குக் கை நொந்துபோகும், அவனை வெண்டவனாச் சொல்லுவினம். அதுவும் ஒரு கெட்டித்தனம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

இப்படியே போகும். ஒருவனுடைய கால் வேலை, இன்னொருவனுடைய மூச்சு, மணி அடித்த பிறகு யார் குத்தினான். எங்கே சுற்றினாலும் கடைசியில் சூசைக்கும் காலியிலிருந்து வந்த ஒருவனுக்கும் நடந்த சண்டையில்தான் வந்து நிற்கும். அவனுடைய பெயர் ஊருக்குள் நிற்கவில்லை. எல்லாரும் காலிக்காரன் என்றே சொன்னார்கள். வெள்ளைக்காரன் போவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த சண்டை அது. கடைசி றவுண்டில் சூசை விழுந்தான். நடுவராக நின்ற வெள்ளைக்காரத் துரை, கால் வழுக்கியது என்று சொல்லி, எண்ணாமல் சண்டையைத் தொடரவிட்டார். முடிவில் சூசை வென்றதாகத் தீர்ப்பு. ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு டொக்யார்ட் வீதி முழுக்கச் சுற்றியது. முப்பது நாற்பது வருடமாக ஊர் அந்தத் தோளிலிருந்து அவனை இறக்கவே இல்லை.

அன்றைக்குச் சூசையின் மூலையில் தண்ணீர் வாளியோடு நின்றவர் அண்ணை. இது மட்டும் பொய்யில்லை. அதற்குப் பல பேர் சாட்சி. அவர் சொல்வது இரண்டே வசனம்.

"அண்டைக்கு வெண்டது காலிக்காரன். ஆனா ரெண்டு பேரிலயும் பெரிய குத்துக்காரன் சூசை."

வழுக்கவில்லையாம். தாடை நுனியில், நாடியில் விழுந்த குத்தாம். தன் கண்ணுக்கு முன்னால், ஒரு முழத்துக்குள் நடந்ததாம். சூசை பெரியவனென்றால் எப்படித் தோற்றான் என்று நானா ஒவ்வொரு தரமும் மல்லுக்கு நிற்பார்.

"பெரியவன் ஒருநாளும் தோக்கமாட்டான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்பார் அண்ணை.

சூசை செத்தது யுத்தத்துக்கு முந்தி. செத்தவீட்டில், நானாவின் பாஷையில் மையத்து வீட்டில், ஒரு பெரிய மனிதர், ஒருநாளும் நிலத்தில் விழாத வீரன் என்று பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள்ளிருந்து அண்ணை செருமி, "ஒருக்கா விழுந்தவர்," என்றார். சூசையின் தம்பி வந்து அவருடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்தான். பிரேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இழுபறி. பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, செத்தவனைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்றார். அன்று காலையில் அதே வீட்டு வாசலில் நின்று, செய்தி கேட்டுக் கொழும்பிலிருந்து நேரே ஓடிவருவதாக நாலு பேருக்குச் சொன்னவர் அவர். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு.

ஒருநாள் மீன் சந்தைப் பக்கம் நேவியின் சுற்றிவளைப்பு நடந்தது. ஆம்பிளைகள் எல்லாரையும் கொண்டுபோய் ஒரு விளையாட்டு மைதானத்தில் இருத்தினார்கள். அண்ணை, நானா, நான் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மைதானத்து மூலையில் ஒரு வாகை மரத்தில் மணல் மூட்டை தொங்கியது. நேவிப் பொடியன் ஒருவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அதைக் குத்திக்கொண்டிருந்தான். அண்ணை கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். முடியவில்லை.

"முழங்கையை உள்ளுக்க எடு," என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னார். "இப்பிடித் திறந்து வச்சா விலா எலும்பு போகும்."

நானா கண்ணை மூடிக் கலிமா சொல்லத் தொடங்கினார். அங்கிருந்து ஓர் அதிகாரி எழுந்து வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல உயரம், மூக்கு ஒரு காலத்தில் உடைந்து பொருந்திய மூக்கு. யார் சொன்னது என்று கேட்டான். அண்ணை கையை உயர்த்தினார். எங்கே பழகினாய் என்று கேட்டபோது, சூசையின் மூலையில் என்றார். அதிகாரியின் முகம் மாறியது.

"நான் காலி," என்றான். "அந்தச் சண்டை எனக்குத் தெரியும். எங்கள் ஆளை இந்த ஊர் ஏமாற்றிவிட்டது."

"உண்மை," என்றார் அண்ணை. "அண்டைக்கு வெண்டது உங்கட ஆள்தான். நான் பாத்தனான்."

அதிகாரிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஏலாது. திருகோணமலைத் தமிழன் ஒருவன் வாயிலிருந்து அது வருமென்று அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். அண்ணை இருப்பதற்குக் கதிரை கொண்டுவரச் சொன்னான். பால் விடாத தேநீர், பிளேன்ரீ வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும்கூட வந்தது. இவ்வளவோடு அண்ணை நிறுத்தியிருந்தால் நாங்கள் மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்போம். அவர் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது வசனத்தைச் சொன்னார்.

அதிகாரி எழும்பிவிட்டான். வென்றவன் எப்படிச் சின்னவன் ஆவான் என்று கேட்டான். அண்ணையும் எழும்பினார். இருவரும் எதிரெதிரே நின்று, கையை மடக்கி, காலை மாற்றி வைத்து, சூசை இப்படி, காலிக்காரன் இப்படி என்று வாதாடினார்கள். சுற்றிவளைப்பில் பிடிபட்ட அத்தனை பேரும் வெயிலில் இருந்து அதைப் பார்த்தோம். விசாரிக்க வேண்டியவன் விவாதத்தில் நின்றதால் யாரையும் விசாரிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் எல்லாரையும் போகச் சொன்னான். அண்ணையை மட்டும் நிறுத்தி, "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இது முடியவில்லை," என்றான்.

அவர் போனார். போகாமல் விட ஏலாது என்பது ஒன்று. போக ஆசை என்பது இன்னொன்று. ஊரில் சூசையைப் பற்றி ஒழுங்காகச் சண்டைபிடிக்க அவருக்கு நானாவைத் தவிர ஆளில்லை. அதிகாரியோ கேள்விக்கு மேல் கேள்வி கேட்டான். ஒவ்வொரு ஞாயிறும் நேவி முகாமுக்குள், நாங்கள் சொல்லும் காம்புக்குள், போய்ப் பின்னேரம் வருவார். ஒருநாள் நான் சொன்னேன், "அண்ணை, பெடியன் ஆசைப்படுறான். காலிக்காரன்தான் பெரியவன் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோவன். நீங்கள் சொல்லாத பொய்யே?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது வேற தம்பி," என்றார்.

காம்புக்குள் போய் வருகிறவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஐஸ் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அவரைக் கண்டால் கதையை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் சைக்கிளில் வந்த ஒருவன், பொடியள் கூப்பிடுவதாகவும், கிளிவெட்டிக்கு வரவேண்டும் என்றும் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான். பொடியள் என்றால் இயக்கம். அப்படி அழைக்கப்பட்டுப் போன எல்லாரும் திரும்பி வந்ததில்லை. அக்கா அழவில்லை. "உலகத்துக்கெல்லாம் பொய் சொல்லுறனீங்கள், அங்கயும் போய் ஒண்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ," என்றார்.

கிளிவெட்டியில் என் தமக்கை இருந்தபடியால் நானும் கூடப் போனேன். மூதூர் லோஞ்சில் கடலைக் கடக்கும்போதே பொய் தயாரானது. அந்த அதிகாரிக்குத் தீராத நாரிப்பிடிப்பு, இடுப்பு நோவு. அண்ணைக்குப் பரம்பரையாக ஒரு நல்லெண்ணெய் வைத்தியம் தெரியும். நேவி கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல ஏலுமா? உருவிவிட்டு வருகிறார். அவ்வளவுதான். கையோடு ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். மணம் வரட்டும் என்று சேட்டிலும் கொஞ்சம் தடவிக்கொண்டார்.

வயல்களுக்குப் பின்னால் ஒரு வீட்டு விறாந்தையில் எங்களை இருத்தினார்கள். பொறுப்பாக இருந்தவன் என்னைவிட இளையவன், மரியாதையானவன். "இருங்கோ ஐயா," என்றான். அண்ணை நாரிப்பிடிப்புக் கதையைச் சொன்னார். நான் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு பொய்யைக் கேட்டதில்லை. எந்த எலும்புக்குப் பக்கத்தில் நோவு, எந்த விரலால் அழுத்த வேண்டும், அழுத்தும்போது அதிகாரி எப்படி முனகுவான் என்று எல்லாம் இருந்தது. அந்த இளைஞன் தன்னையறியாமல் நாரியைத் தடவிக்கொண்டான். நம்பிவிட்டான். எழும்பி, வழியனுப்புவதற்கு முந்திய சும்மாக் கதையாகச் சொன்னான்:

"நீங்கள் டொக்யார்டில இருந்தனீங்கள்தானே ஐயா. எங்கட அம்மப்பா சூசையைப் பற்றிக் கனக்கச் சொல்லுவார். சிங்களவனுக்கு அடிச்சு வெண்டவராம் என்ன?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். நான் அண்ணையின் தொடையில் இடித்தேன்.

"இல்லைத் தம்பி," என்றார் அண்ணை. "அண்டைக்குக் காலிக்காரன்தான் வெண்டவன்."

 அவன் திரும்ப இருந்தான். "உங்களுக்கு ஏன் இதிலை இவ்வளவு அக்கறை? காம்புக்குள்ளயும் இதைத்தான் கதைக்கிறனீங்களோ?"

கதை குத்துச்சண்டைக்கு வந்துவிட்டது. இனி அவரால் ஏலாது. "ஓம்," என்றார். நாரிப்பிடிப்பு எங்கே போனதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னார். பொய்யை நம்பிய இளைஞன் உண்மையை நம்பவில்லை. யுத்தத்துக்குள் ஒரு நேவி அதிகாரியும் ஒரு தமிழ்க் கிழவனும் கிழமைக்குக் கிழமை சந்தித்துச் செத்துப்போனவனின் இடக்கையைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்றால் யார்தான் நம்புவான்? அவரை அங்கே வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னான். அன்றிரவு நான் தமக்கை வீட்டில் தங்கினேன்.

அடுத்த நாள் காலையில் போனபோது விறாந்தையில் இன்னொரு முதியவர் இருந்தார். அந்தக் காலத்தில் டொக்யார்டில் கூலி வேலை செய்த ஊர்க்காரர். அண்ணை சொல்வது சரியா என்று பார்க்க அழைத்திருந்தார்கள். சண்டையைத் தானும் பார்த்ததாகவும், சூசைதான் வென்றதாகவும், விழுந்தது வழுக்கித்தான் என்றும் சொன்னார் அவர்.

"நீர் எந்தப் பக்கத்தில நிண்டனீர்?" என்று கேட்டார் அண்ணை.

"கொடிக்கம்பத்தடியில."

"அங்க இருந்து பாத்தா சூசைட முதுகுதான் தெரியும். நாடி என்ன உமக்கு முதுகிலயே இருக்கு?"

முதியவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர்த் துரோகி என்றார். அண்ணை அவரைக் குருடன் என்றார். தாம் எங்கே இருக்கிறோம், எதற்காக இருக்கிறோம் என்பதை இருவரும் மறந்து போனார்கள். மதியம் வரை கத்தினார்கள். அந்தச் சாட்சி சொன்னதற்கு ஓம் என்று தலையாட்டி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அண்ணையின் மூளைக்கு எட்டவே இல்லை. பொறுப்பாளன் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "கூட்டிக்கொண்டு போங்கோ," என்றான்.

நான் அண்ணையின் கையைப் பிடித்தேன்.

"காட்டிக்குடுக்கிறவன் எண்டா நேற்றே நாங்கள் சொன்னதுக்கு ஓம் எண்டிருப்பான்," என்றான் அவன். பிறகு குரலை இறுக்கி, "ஆனா இனிக் காம்பு வாசலை மிதிக்கக்கூடாது. சொல்லிப்போட்டன்," என்றான்.

அண்ணை மிதிக்கவில்லை. ஞாயிறு வந்ததும் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். அடுத்த ஞாயிறும் காய்ச்சல். மூன்றாவது கிழமை ஒரு பின்னேரம், நான் அவர் வீட்டில் இருந்தபோது, ஒழுங்கைக்குள் ஜீப் ஒன்று வந்து அவர் வீட்டுப் படலைக் கதவடியில் நின்றது. அதிகாரி இறங்கினான். கையில் ஒரு குலை செவ்விளநீர். காய்ச்சல்காரருக்காம். ஒழுங்கையில் இருந்த அத்தனை யன்னலும் ஒவ்வொரு விரற்கடை திறந்தது.

அவன் கதிரையில் இருந்தான். அக்கா குசினி வாசலில் நின்றார். தனக்கு வடக்குக்கு மாற்றம் வந்துவிட்டது, நாளைக்குப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னான். வடக்கில் அப்போது கடும் சண்டை.   காலிக்காரன் தங்கள் தெருவில் இருந்தவனாம். அப்பா ஒவ்வொரு நாளும் அவனுடைய கதையைச் சொல்லித்தான் தன்னை நித்திரையாக்குவாராம். அப்பா இப்போது இல்லையாம்.

"அங்கிள், ஒருக்காச் சொல்லுங்கள்," என்றான். "யார் பெரியவன்?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்த முகம் சிரிக்கிற முகம் இல்லை. அண்ணை அவனுடைய உடைந்து பொருந்திய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.  பிறகு சொன்னார்.

"காலிக்காரன்தான், மகன். சூசை அவன்ட கால்தூசிக்கும் வரமாட்டான்."

அவர் சொன்னதை அதிகாரி நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமை வாதாடியவனுக்குத் தெரியாதா? தலையை ஆட்டினான். எழும்பினான். திறந்திருந்த வாசலில், ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, சீருடையோடு முழங்காலில் இருந்து அண்ணையின் காலைத் தொட்டு வணங்கினான். ஜீப் போய்விட்டது.

அந்த வணக்கத்துக்குப் பிறகு அண்ணை அந்த ஒழுங்கையில் இருக்க ஏலாது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் நானா வந்து, குறிஞ்சாக்கேணியில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனார். அக்கா தன் சகோதரியிடம் போனார். அதிகாரி வடக்கிலிருந்து திரும்பினானா என்பது எங்களுக்கு ஒருநாளும் தெரியவரவில்லை. கிளிவெட்டி இளைஞனும் என்ன ஆனான் என்று தெரியாது. அண்ணை பிறகு நிலைமை மாறியதும் ஊருக்கு வந்து, வயது போய், தன் கட்டிலிலேயே செத்தார். அந்த நாட்களில் அது ஒரு பெரிய வெற்றி.

அவர் குறிஞ்சாக்கேணியில் இருந்த காலத்தில் நானும் நானாவும் ஒருமுறை பார்க்கப் போனோம். ஆள் நன்றாகத்தான் இருந்தார். நானாவின் மச்சானும் அயல்காரர்களும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சாப்பிட்டு முடிந்து வளவில் எல்லாரும் பாயில் இருந்தபோது மச்சான் கேட்டார்.

"நம்மட சூசைட சண்டையை நீங்க கிட்ட நிண்டு பாத்தீங்களாமே. சொல்லுங்களன் கேப்பம்."

நானா என்னைப் பார்த்தார். இரண்டு வசனமும் வரப்போகிறது, வந்தால் விருந்து கெட்டுவிடும் என்று நினைத்தோம். அண்ணை சுற்றியிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். என்ன கேட்க அவர்களுக்கு ஆசை என்பது முகத்திலேயே இருந்தது. எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டினார்.

"சூசையே? அவன் விழுறதே?" என்று தொடங்கினார்.

அன்று அவர் சொன்ன சண்டையில் முதல் மணி அடித்து ஓசை அடங்குவதற்குள் காலிக்காரன் கயிற்றுக்கு மேலால் பறந்து போய், முன்வரிசையில் இருந்த கவர்னர் துரையின் மடியில் விழுந்தான். துரையின் தொப்பி நசுங்கியது. துரைசாணி மயங்கினார். பாண்ட் வாத்தியக்காரன் பயத்தில் இராணியின் கீதத்தை வாசித்துவிட, மயங்கிக் கிடந்த காலிக்காரனும் எழும்பி விறைத்து நின்றான். பாயில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சான் கை தட்டினார். இன்னொருக்கா, இன்னொருக்கா என்றார்கள். அண்ணை இன்னொருக்காவும் சொன்னார். இரண்டாம் தரம் துரைசாணி மயங்கவில்லை, ஓடினார்.

நல்ல கதை. அதில் ஒரு சொல் உண்மையில்லை.

திரும்பி வரும்போது பாதையில் ஏறிக் கடல்நீரைக் கடந்தோம். பாதை என்றால் கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவை. நடுவழியில் நானா கேட்டார்.

"நல்லாச் சொன்னார் என்ன, கிளாக்கர்?"

"ஓம் நானா."

"மச்சானுக்கெல்லாம் என்ன சந்தோஷம்."

"ஓம்."

நானா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். அண்ணையோடு எத்தனையோ வருடமாகச் சண்டைபிடித்து, ஒருநாளும் வெல்லாதவர்.

"எனக்கு மட்டும் மையத்து வீட்டுக்குப் போயிட்டு வாற மாதிரி இரிக்கு," என்றார்.